யுத்தத்தில் மரித்தவரும் மூன்று புத்தகங்களும்



நவம்பர் மாதம் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமங்களின் மாதம். கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், பூ வைக்கிறோம், மெழுகுதிரி கொளுத்துகிறோம். குருவானவர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு போகிறார். ஆனால் கல்லறையே இல்லாத ஒருவருக்கு எங்கே திரி கொளுத்துவது? சென்ற வருஷம் கல்லறைத் திருநாளன்று மாலையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு பெரியவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். பெயரைச் சொல்ல வேண்டாமென்பது அவர் விருப்பம். விஷயத்தை மாத்திரம் அவருடைய உத்தரவோடு சொல்லுகிறேன். இது வேறு சில குடும்பங்களுக்கும் உரிய விஷயம்.

அவருக்கு வயது எண்பதுக்கு மேல். 1942-ஆம் வருஷம் அவர் தாயின் உதரத்தில் இருக்கும்போதே தகப்பனார் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனார். ஒன்றரை வருஷம் கடிதம் வந்தது. 1944-ல் நின்றுவிட்டது. பிறகு சர்க்காரிடமிருந்து ஒரு கடிதம்: ஆளைக் காணவில்லை. அதற்கும் பிறகு விதவைக்குரிய உபகாரச் சம்பளம் வந்தது. தாயார் அதை வாங்கிப் பிள்ளையை வளர்த்தார்கள். ஆனால் தாலியைக் கழற்றவில்லை. "சர்க்கார் பணத்தைக் காட்டியது, ஆளைக் காட்டவில்லையே" என்பார்களாம். இராத்திரி கதவைத் தாழிடாமல் சாத்தி மாத்திரம் வைப்பார்களாம். ஆத்துமப் பூசை வைக்கலாமென்று யாராவது சொன்னால், "உயிரோடு இருக்கிற மனுஷருக்கா?" என்று சண்டைக்கு வருவார்கள். அந்த நம்பிக்கையோடேயே அவர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

"சாமி, எனக்குச் சாவு நெருங்குகிறது. அப்பா எந்தத் தேதியில் செத்தார், எங்கே கிடக்கிறார் என்று தெரியாமலே நான் போகவேண்டுமா?" இதுதான் பெரியவருடைய கேள்வி. அவருடைய பேத்தி, கல்லூரியில் படிக்கிற பெண், பக்கத்தில் நின்றாள். "தேடிப் பார்ப்போம், ஐயா" என்றேன். அந்தத் தேடுதலில் மூன்று புத்தகங்களைப் பார்க்க நேர்ந்தது. அவற்றைப்பற்றியே இன்று பேசுகிறேன்.

முதலாவது புத்தகம், நம் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு.

தகப்பனார் பெயரென்ன என்று கேட்டால், வீட்டில் ஒரு பெயர், ஊரில் ஒரு பெயர். பட்டாளத்து எழுத்தர் எந்தப் பெயரை எழுதினாரோ தெரியாது. ஆகையால் பழைய பதிவேட்டைத் திறந்தோம். அக்காலத்துக் குருக்கள் இலத்தீன் மொழியில் எழுதியிருக்கிறார்கள். மை மங்கியிருக்கிறது, ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது. ஆனாலும் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் ஞானத்தகப்பன் பெயர், பிறந்த நாள் எல்லாம் இருந்தன. மெய்விவாகப் பதிவேட்டில் மனைவியின் பெயரும் கிடைத்தது. ஒரு ஏழைக் கூலிக்காரரின் பிள்ளையை இவ்வளவு கவனமாக வேறு யார் எழுதி வைத்தார்கள்? திருச்சபை ஒரு மனிதனைப் பெயர் சொல்லி வரவேற்கிறது. பெயர் சொல்லியே அடக்கமும் செய்கிறது. இந்த மனிதருக்கோ முதல் வரி இருந்தது. கடைசி வரி எழுதப்படவில்லை. மரண பதிவேட்டில் அவர் இல்லை.

இரண்டாவது புத்தகம், யுத்தத்தில் மாண்டவர்களின் பதிவேடு.

1917-ஆம் வருஷம் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் யுத்தக் கல்லறைகளுக்கென்று ஓர் ஆணையம் ஏற்பட்டது. 1960 முதல் அதற்குக் காமன்வெல்த் யுத்தக் கல்லறை ஆணையம் என்று பெயர். இரண்டு உலக யுத்தங்களிலும் மாண்ட ஏறக்குறைய 17 லட்சம் பேரின் விவரம் அதனிடம் இருக்கிறது. இந்தப் பதிவேட்டை இன்று இணையத்தில் காசில்லாமல் யாரும் பார்க்கலாம். முதல் யுத்தத்துக்கு 1914 ஆகஸ்டு 4 முதல் 1921 ஆகஸ்டு 31 வரையும், இரண்டாம் யுத்தத்துக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் மாண்டவர்கள் அதில் சேருவார்கள். சென்னை நந்தம்பாக்கத்திலே இருக்கிற யுத்தக் கல்லறைத் தோட்டமும் இந்த ஆணையத்தைச் சேர்ந்ததே. 1952-ல் அமைந்த அந்தத் தோட்டத்தில் இரண்டாம் யுத்தத்து வீரர் 850-க்கு மேற்பட்டவர்கள் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். முதல் யுத்தத்தில் மாண்ட ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பேத்தி நான்கு நாள் தேடினாள். கிடைக்கவில்லை. நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். சவரிமுத்து என்பவர் சௌரிமுத்து ஆவார். அந்தோணி பல விதமாக எழுதப்படுவார். ஒரே பெயர் இரண்டாகப் பிரிந்து நிற்கும். கடைசியில் பாட்டியின் பழைய செபப் புத்தகத்தில் வழி பிறந்தது. அதன் பின்னட்டையின் உட்புறத்தில் யாரோ பென்சிலால் ஓர் எண்ணை எழுதி வைத்திருந்தார்கள். அது தகப்பனாரின் படை எண். அதைக் கொடுத்துத் தேடினவுடனே அவர் வந்துவிட்டார்.

பெயரில் இரண்டெழுத்து மாறியிருந்தது. ஆனால் தேதி இருந்தது. 1944 மே மாதத்தில் ஒரு நாள். ரங்கூன் நினைவுச் சின்னம் என்று இருந்தது. அதில் எந்தப் பக்கம் என்றும் இருந்தது. யாங்கோன் நகருக்கு வடக்கே 35 கிலோமீட்டர் தூரத்தில், தவுக்கியான் என்னுமிடத்தில் இந்தச் சின்னம் நிற்கிறது. பர்மா யுத்தத்தில் மாண்டு, கல்லறை அறியப்படாத ஏறக்குறைய 27,000 பேரின் பெயர்கள் அதன் தூண்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்தியர், பிரிட்டிஷார், ஆப்பிரிக்கர் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்.

அதற்குக் கீழே பதிவேட்டில் இன்னும் ஒரு வரி இருந்தது: இன்னாருடைய மகன், இன்னாருடைய புருஷன், இன்ன ஊர், திருச்சினாப்பள்ளி ஜில்லா. பேத்தி அதை வாசித்தாள். தகப்பனாரின் பெயரைக் கேட்டபோது பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தாயாரின் பெயரைக் கேட்டவுடனே மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "எங்க அம்மா பேர் அதிலே இருக்கா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நாற்று நட்டுக் கூலி வாங்கினவள், கையெழுத்துப் போடத் தெரியாதவள். அவள் பெயரையும் புருஷன் பெயரோடு சேர்த்து யாரோ எழுதி, எண்பது வருஷம் காத்து வைத்திருக்கிறார்கள்.

சகோதரரே, இவ்விதம் தேடுவது வீண் ஆசையல்ல. இரக்கக் கிரியைகளில் மரித்தோரை அடக்கம் செய்வதும் ஒன்று. மக்கபேயரின் இரண்டாம் ஆகமம் 12-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சண்டை முடிந்தபின் யூதாஸ் மக்கபே தன் ஆட்களோடு திரும்பிப் போய், மாண்டவர்களின் சரீரங்களை எடுத்து அவர்களுடைய முன்னோரண்டையில் அடக்கம் செய்யப் பார்த்தான். மாண்டவர்களிடம் குற்றமும் இருந்தது. விக்கிரகத்துக்குரிய பொருட்களை வஸ்திரத்துக்குள் மறைத்திருந்தார்கள். அதற்காக அவன் அவர்களைக் கைவிடவில்லை. பணம் வசூலித்து, அவர்கள் பாவத்துக்காகப் பலி ஒப்புக்கொடுக்கும்படி ஜெருசலேமுக்கு அனுப்பினான். உத்தானத்தை நினைத்தே இப்படிச் செய்தான் என்று வேதம் அவனைப் புகழுகிறது. முதலில் தேடினான், பிறகு அடக்கம் செய்தான், பிறகு பலி கொடுத்தான். தேடுதலோடு நின்றுவிட்டால் வேலை பாதியில் நிற்கிறது.

இந்த இரண்டாம் புத்தகம் நல்ல புத்தகம்; ஆனால் மனிதர் எழுதிய புத்தகம். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும், எந்த இனத்தாருக்கும் எந்த மதத்தாருக்கும் ஒரே மரியாதை என்பது ஆணையத்தின் விதி. ஆயினும் ஈராக் தேசத்துப் பஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர் பொறிக்கப்பட்டது. சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மாத்திரமே பொறிக்கப்பட்டது. முதல் யுத்தத்தில் மாண்டவர்களில் குறைந்தது 1,16,000 பேர், பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும், பெயர் சொல்லி நினைக்கப்படாமலே விடப்பட்டார்கள் என்று 2021-ல் ஆணையமே ஆராய்ந்து வெளியிட்டு, மன்னிப்பும் கேட்டது. நூறு வருஷம் கழித்தாவது ஆத்தும சோதனை செய்து குற்றத்தை ஏற்றுக்கொண்டது நமக்கும் பாடம்.

பெரிய மனிதருக்கும் இந்தப் புத்தகம் கைகொடுக்காமல் போனதுண்டு. பம்பாயில் பிறந்த ஆங்கில எழுத்தாளர் ருட்யார்டு கிப்ளிங், கண்பார்வை குறைந்த தம் ஒரே மகனுக்குச் சிபாரிசு செய்து பட்டாளத்தில் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பரில், பிரான்சு தேசத்து லூஸ் போர்க்களத்தில், 18 வயதில் மகன் காணாமற்போனான். தகப்பனும் தாயும் காயம்பட்டு வந்த சிப்பாய்களை விசாரித்து விசாரித்துத் தேடினார்கள். கிப்ளிங் அந்தக் கல்லறை ஆணையத்திலேயே அங்கத்தினராகி, அடையாளம் தெரியாத வீரரின் கல்லில் இவரைக் கடவுள் அறிவார் என்ற பொருள்படும் வாசகத்தைப் பொறிக்கச் செய்தார். 1936-ல் மகனின் கல்லறையைக் காணாமலே மரித்தார். 1992-ல்தான் ஆணையம் ஒரு கல்லறையை அவனுடையதென்று அறிவித்தது. அதைப்பற்றியும் பிறகு வாதங்கள் எழுந்தன.

இன்னும் மோசமான நிலையில் இருந்தவர்கள் நம் தமிழ் மக்கள். 1942-43-ல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழ்த் தொழிலாளிகள் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே மாண்ட போர்க்கைதிகள் 12,000-க்கு மேல்; அவர்களுக்குக் கல்லறையும் பதிவேடும் உண்டு. மாண்ட ஆசியத் தொழிலாளிகள் ஏறக்குறைய 90,000 என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பதிவேடே இல்லை. அவர்கள் பேரன்மார் எந்தப் புத்தகத்தைத் திறப்பார்கள்?

ஆகையால் மூன்றாவது புத்தகம் ஒன்று வேண்டியதாயிருக்கிறது. அது ஜீவிய புத்தகம்.

யுத்தக் கல்லறைத் தோட்டங்களின் நினைவுக் கல்லில், மாண்டவர்களின் பெயர் என்றும் வாழும் என்று சீராக் ஆகமம் 44-ஆம் அதிகாரத்திலிருந்து எடுத்துப் பொறித்திருக்கிறார்கள். அதே அதிகாரத்தில் சில வசனங்களுக்கு முன்பு, நினைவே இல்லாமல், பிறவாதவர்களைப்போல மறைந்துபோனவர்களும் உண்டென்று சொல்லியிருக்கிறது. வேதம் அவர்களை மறைக்கவில்லை. கல்லில் எழுதப்படாதவர்களைச் சர்வேசுரன் அறிவார். அவருடைய புத்தகத்தில் எழுத்துப் பிழை கிடையாது. எண்ணிக்கையை மாத்திரம் எழுதிவிட்டுப் பெயரை விடுவதும் கிடையாது.

பதிவேட்டைக் கண்ட அன்று பெரியவர் இன்னொன்றும் கேட்டார். "சாமி, எண்பது வருஷம் அப்பாவுக்கு ஒரு பூசைகூட வைக்கவில்லையே. அவர் ஆத்துமம் இத்தனை நாள் திக்கற்றுக் கிடந்ததோ? அம்மாவின் பிடிவாதத்தால் அவர் தவித்தாரோ?" இது அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்திய சந்தேகம். உங்களில் சிலருக்கும் இருக்கலாம். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஒவ்வொரு பலிபூசையிலும் குருவானவர் மரித்த விசுவாசிகள் எல்லோரையும் நினைக்கிறார். உலகத்தில் பூசை நடந்த ஒவ்வொரு நாளும் உம்முடைய தகப்பனார் அந்த மன்றாட்டில் இருந்தார். பெயர் தெரியாதவரைத் திருச்சபை அனாதையாக விடுவதில்லை. உம்முடைய தாயார் அவர் வீடு திரும்ப வேண்டுமென்று இராத்திரிதோறும் செபமாலை சொன்னாரே, அது வீணாகவில்லை. வீடு எதுவென்று தாயார் அறியவில்லை, சேசுநாதர் அறிந்திருந்தார். சர்வேசுரனுக்கு முன் என்பதும் பின் என்பதும் இல்லை. நாம் இன்று ஒப்புக்கொடுக்கும் பூசையை, அந்த மனிதர் காட்டில் தனியாகக் கிடந்து உயிர்விட்ட நேரத்திலேயே அவர் கண்டிருந்தார். ஆகையால் கலங்காதேயும், ஆனால் இனித் தாமதம் செய்யாதேயும்.

சென்ற மே மாதத்தில், பதிவேட்டில் கண்ட அதே தேதியில், அவருக்கு ஆத்துமப் பூசை நடந்தது. தாயாரின் பெயரையும் சேர்த்தே வாசித்தோம். மாலையில் பெரியவர் தாயாரின் கல்லறையில் இரண்டு திரி கொளுத்தினார். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

உங்கள் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாதவர் இருந்தால் இந்த மாதத்திலேயே விசாரியுங்கள். வயதானவர்களிடம் கேளுங்கள், அடுத்த நவம்பரில் அவர்கள் இருப்பார்களோ தெரியாது. பழைய பெட்டி, பதக்கம், செபப் புத்தகம், மணியார்டர் துண்டு எதையும் பார்க்காமல் எறியாதீர்கள். படை எண், படைப்பிரிவு, தகப்பன் பெயர், மனைவி பெயர், ஊர் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜில்லாவின் பெயரைப் பழைய ஆங்கில வழக்கப்படி திருச்சினாப்பள்ளி, டாஞ்சூர், டின்னவெல்லி, ராம்நாடு என்று போட்டுத் தேடவேண்டும். ஞானஸ்நானப் பதிவேட்டை நான் எடுத்துத் தருகிறேன். பெயர் விடுபட்டிருந்தால் அத்தாட்சிகளோடு ஆணையத்துக்கு எழுதலாம். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெயரைக் கோவில் அலுவலகத்தில் கொடுங்கள். மாதம் முழுவதும் பீடத்தண்டையில் அந்தப் பட்டியல் இருக்கும்.

உயிர்த்த ஞாயிறன்று விடியற்காலையில் மரிய மதலேனம்மாளும் இப்படித்தான் தேடிப் போனாள். அவரை எங்கே வைத்தார்களென்று அழுதுகொண்டே விசாரித்தாள். அவள் தேடினது ஒரு சரீரத்தை. அவள் கேட்டதோ, உயிரோடிருக்கிற ஆண்டவர் தன்னைப் பெயர் சொல்லி அழைத்ததை. மரித்தவர்களை அன்போடு தேடுகிற நம்மையும் அவர் ஒருநாள் பெயர் சொல்லி அழைப்பாராக.

ஆமென்.