தூரத்திற்கு ஒரு விலையா?

வரி விதிப்பது அரசின் உரிமை. அந்த வரியில் நீதியை எதிர்பார்ப்பது குடிமக்களின் உரிமை. இவ்விரண்டு உரிமைகளும் மோதும் இடத்தில்தான் அறிவுடையோர் நின்று நிதானித்துச் சிந்திக்க வேண்டியுள்ளது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையை முடித்துக்கொண்டு உத்திரமேரூரில் பள்ளிவாசல் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் மதரஸாவில் ஓதியவர் ஒருவர் ஸலாம் கூறி அருகில் வந்தார். இன்று அவர் வாடகை வேன் ஓட்டிப் பிழைப்பவர். "ஹஜ்ரத், இனிமேல் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறதோ அத்தனைக்கும் வரி என்று பேசிக்கொள்கிறார்கள். இது நியாயமா, இல்லை ளுல்மா?" என்று கேட்டார். நாம் பதில் சொல்லுமுன்னே அவரே தொடர்ந்தார். "வாரத்தில் இரண்டு நாள் ஒரு அம்மாவை டயாலிசிஸ் சிகிச்சைக்குச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். என் மேல் போடும் வரியை அந்த அம்மாவிடம்தானே நான் வாங்க வேண்டும்? எந்த முகத்தோடு கேட்பேன்?"

"ஒரு வாரம் பொறுங்கள் தம்பி, கிதாபுகளைப் பார்த்துச் சொல்கிறோம்" என்று விடைபெற்றோம். அவருக்குச் சொல்ல நினைத்ததையே இங்கு வாசகர்கள் முன்பும் வைக்கின்றோம்.

முதலில் உள்ளது உள்ளபடி அறிவோம். தூரத்திற்கேற்ற கட்டணம் நம் நாட்டிற்குப் புதிதன்று. 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் கிலோமீட்டர் கணக்கில்தான் அமைந்துள்ளன. 2007-08-ஐ அடிப்படையாகக் கொண்டு காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, பேருந்துக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 காசு என்று விதித்து, ஆண்டுதோறும் உயர்த்தி வருகின்றனர். ஆனால் சுங்கச் சாவடியில் நிறுத்தி வசூலிக்கும் முறையில், அந்தப் பகுதி முழுவதற்குமான தொகையைச் சிறிது தூரமே சென்றவனும் செலுத்த நேர்கிறது. இக்குறையைக் களைய, செயற்கைக்கோளின் துணையால் ஓடிய தூரத்தை அளந்து வசூலிக்க 2024 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. எனினும் அதை நாடெங்கும் உடனே தொடங்க முடிவெடுக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் அமைச்சகம் விளக்கமளித்தது. ஆகவே நம் மாணவர் கேள்விப்பட்டது முழு உண்மையுமன்று, முழுப் பொய்யுமன்று.

இம்முறைக்கு ஆதரவாக வலுவான நியாயம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நம் பிக்ஹுச் சட்டத்தில் 'அல்குர்மு பில்குன்மி' என்றொரு விதி உண்டு. பயன் யாருக்கோ, சுமையும் அவருக்கே என்பது அதன் கருத்து. உதுமானியப் பேரரசின் சட்டத் தொகுப்பான மஜல்லாவிலும் இது இடம்பெற்றது. நம் மாநிலத்தில் சொந்தக் கார் வாங்குபவர் ஆயுட்கால வரியை ஒரே தடவையில் கட்டிவிடுகிறார். மாதம் ஒருமுறை மட்டும் வண்டியை வெளியே எடுக்கும் முதியவரும், நாள்தோறும் நூறு கிலோமீட்டர் ஓட்டுபவரும் ஒரே விலையுள்ள கார் வைத்திருந்தால் ஒரே வரிதான். சாலையின் பயனை அதிகம் துய்ப்பவர் அதிகம் தரட்டும் என்பது இதனினும் நேர்மையானது அன்றோ?

இதுகாறும் பெட்ரோல், டீசல் வரியே இந்த வேலையை மறைமுகமாகச் செய்து வந்தது. அதிகம் ஓடினால் அதிக எரிபொருள். அதிக எரிபொருளுக்கு அதிக வரி. மின்சார வாகனங்கள் பெருகும்போது இந்தக் கணக்கு கலைந்துவிடுகிறது. சாலையில் ஓடும் வண்டி குறையாது. எரிபொருள் வரி மட்டும் குறையும். அமெரிக்காவில் 1919-இல் முதன்முதலாகப் பெட்ரோலுக்கு வரி விதித்த ஆரிகன் மாநிலமே, 2015-இல் ஓடும் தூரத்திற்குக் கட்டணம் செலுத்தும் முறையை விருப்பமுள்ளோருக்காகத் தொடங்கியதும் இக்காரணத்தாலேயே. நியூசிலாந்து டீசல் வாகனங்களிடம் 1978 முதலே இவ்வாறு பெற்று, 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனி 2005 முதல் கனரக லாரிகளிடம் தூரத்தைக் கணக்கிட்டு வசூலிக்கிறது.

இத்தனை நியாயங்கள் இருந்தும் நம் மனம் முழுமையாக ஒப்பவில்லை. ஏன்?

தூரம் என்பது எல்லோருக்கும் ஒரே பொருளுடையதன்று. நகரத்தில் வாழ்பவருக்கு மருத்துவமனை அடுத்த தெருவில். கல்லூரி அடுத்த நிறுத்தத்தில். மின்சார ரயில் கூப்பிடு தூரத்தில். உத்திரமேரூருக்கோ ரயில் இல்லை. காஞ்சிபுரம் போனாலும் செங்கல்பட்டு போனாலும் சுமார் 30 கிலோமீட்டர். நகரத்தான் உல்லாசத்திற்காகச் செல்லும் தூரத்தை நம் கிராமத்தான் உயிருக்காகச் செல்கிறான். தூரத்தை மட்டுமே அளவுகோலாக்கினால், தொலைவில் பிறந்தது ஒரு குற்றமாகி, அதற்கு ஆயுள் முழுதும் அபராதம் கட்டுவதாக ஆகிவிடாதா?

நம் ஷரீஅத் தூரத்தை எவ்வாறு நோக்குகிறது என்று பாருங்கள். தூரம் கூடினால் சுமையைக் கூட்டவில்லை, குறைக்கிறது. நான்கு ரக்அத் தொழுகை பயணிக்கு இரண்டாகிறது. நோன்பைப் பிற்படுத்தச் சலுகை கிடைக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் ஒருவராகத் திருமறை எண்ணுகிறது. அதே வேளையில் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம்கள், பாவத்திற்காகச் செல்லும் பயணத்திற்கும், நோக்கமே இல்லாத வீண் அலைச்சலுக்கும் இச்சலுகை இல்லை என்றனர். ஆக, எவ்வளவு தூரம் என்பதோடு எதற்காக என்ற கேள்வியையும் அவர்கள் கேட்டார்கள். அரசின் அளவுமானி முதற் கேள்வியை மட்டுமே கேட்கும். இரண்டாவதைக் கேட்க அதற்கு வாயில்லை.

வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் வணிகப் பொருளுக்கு வரி பெற ஸியாத் இப்னு ஹுதைர் என்பவர் நியமிக்கப்பட்டிருந்தார். தக்லிப் குலத்துக் கிறித்தவர் ஒருவர் விலையுயர்ந்த குதிரையோடு அவ்வழியே சென்று உரிய வரியைச் செலுத்தினார். திரும்பி வருகையில் அதே குதிரைக்கு மீண்டும் வரி கேட்கப்பட்டது. கடக்குந்தோறும் கொடுப்பதா என்று மனம் நொந்த அவர், மக்கா சென்று கலீஃபாவிடம் முறையிட்டார். உமர் (ரலி) அவர்கள் ஓரிரு சொற்களில் பதில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நம்பிக்கையிழந்து திரும்பியவருக்கு முன்பாகவே கலீஃபாவின் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது: ஒருமுறை பெற்றவரிடம் அந்த ஆண்டு முடியும்வரை மீண்டும் பெறலாகாது என்று! ஹனஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) இதைத் தம் கராஜ் நூலில் பதிவு செய்துள்ளார்.

அது சரக்கின் மீதான வரி; இன்று பேசப்படுவது சாலைத் தேய்மானத்திற்கான கட்டணம். இரண்டும் ஒன்றல்ல என்று வாசகர் கூறலாம். உண்மைதான். ஆயினும் அதில் நமக்கொரு பாடம் உண்டு: போவதும் வருவதுமே வாழ்க்கையாக உள்ளவனை, ஒவ்வொரு அசைவிற்கும் கைநீட்டி நிறுத்தலாகாது. அநியாயமாக வழிச்சுங்கம் பறிப்பதை 'மக்ஸ்' என்று பெயரிட்டு நபிபெருமானார் (ஸல்) அவர்கள் எத்துணைக் கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நாம் ஓதியிருக்கிறோம். ஆனால் எல்லா வரியும் மக்ஸ் ஆகிவிடாது. பொதுக் கருவூலத்தில் பணமின்றி, தேவை உண்மையாக இருந்தால் வசதியுள்ளோர் மீது வரி விதிக்கலாம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்), இமாம் ஷாத்திபீ (ரஹ்) போன்றோர் இசைந்துள்ளனர். எனினும் அதை நிபந்தனைகளோடுதான் அனுமதித்தார்கள். அந்த வழியில் நம் சிற்றறிவுக்கு எட்டிய நிபந்தனைகள் நான்கைக் கூறுகிறோம்.

முதலாவது, எடை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சாலையமைத்து லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மீதுள்ள பாரம் இருமடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்பது அதிலிருந்து பெறப்பட்ட கணக்கு. நம் வட்டாரத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் டிப்பர் லாரி ஒரு கிலோமீட்டர் ஓடுவதும், நோயாளியை ஏற்றிய வேன் ஒரு கிலோமீட்டர் ஓடுவதும் சாலைக்கு ஒன்றல்ல. பாரத்தைக் கணக்கில் கொள்ளாத தூரவரி, எளியவனைக் கொண்டு வலியவனின் கடனை அடைப்பதாகும். ஒருவர் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது திருமறை கற்பிக்கும் நீதி.

இரண்டாவது, நிஸாப். குறிப்பிட்ட அளவிற்குக் கீழுள்ள பொருளுக்கு ஜகாத் இல்லை. விளைச்சலிலும், மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு. உழைத்து நீரிறைத்து விளைவித்ததற்கு இருபதில் ஒரு பங்கு. பாடுபட்டவனுக்கு வரி பாதியாகிறது! தூரத்திற்கும் இவ்வாறு ஒரு நிஸாப் வேண்டும். 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில், செயற்கைக்கோள் கருவி பொருத்திய வண்டிக்கு நெடுஞ்சாலையில் ஒரு நாளில் ஒரு திசைக்கு 20 கிலோமீட்டர் வரை கட்டணமில்லை என்று சொல்லப்பட்டிருப்பது வரவேற்கத்தக்கது. நம் மாணவரின் வேன் அந்த அம்மாவுக்காக வாரம் இருமுறை 60 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 6,240 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று வைத்தால் 6,240 ரூபாய். எல்லாச் சாலைக்கும் இந்த 20 கிலோமீட்டர்ச் சலுகையைத் தந்தால் அது 2,080 ரூபாயாகக் குறையும். நோயாளிக்கென்று தனிச்சலுகை தந்தால் அதுவும் இராது. அன்றி, 2025 ஆகஸ்ட் 15-இல் 3,000 ரூபாய்க்குத் தொடங்கப்பட்ட ஆண்டுச் சீட்டு சொந்தக் கார்களுக்கே உரியது. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அது இல்லை. சலுகை யாருக்குத் தேவையோ அவரைச் சென்று சேர வேண்டாமா?

மூன்றாவது, துருவி ஆராயாமை. தூரத்தை அளக்கிறோம் என்று சொல்லி, யார் எந்த நேரத்தில் எந்த வாசலில் நின்றார் என்பதையும் கருவி எழுதிவைக்குமானால், அது வரியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. பிறர் அந்தரங்கத்தை உளவு பார்ப்பதைத் திருமறை வெளிப்படையாகத் தடுத்துள்ளது. நியூசிலாந்தில் ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் முன்கூட்டியே உரிமச்சீட்டு வாங்கி, வண்டியின் தூரமானியைக் காட்டினால் போதும். எத்தனை தூரம் என்று தெரிந்தால் வரிக்குப் போதாதா? எங்கே போனாய் என்று எதற்குக் கேட்க வேண்டும்?

நான்காவது, கணக்கு. இதற்கு நாம் வெளியூர் செல்ல வேண்டியதில்லை. நம் உத்திரமேரூரின் கல்வெட்டே போதும். பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையால் வாரியங்களைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்று விதித்தார்கள் நம் ஊர் முன்னோர். பின்னாளில் முதற் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று மக்கள் போற்றினர். சுங்கத்தை நீக்கியதற்காக ஓர் அரசன் நினைக்கப்பட்டான் என்றால், சுங்கம் மக்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பதை ஊகிக்கலாம். இக்காலத்திலும், தென்னிந்தியச் சாவடிகள் சிலவற்றில் விதிக்கு மாறாக வசூலித்ததை 2023-இல் மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை சுட்டியது. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள பரனூர்ச் சாவடியும் அதில் இடம்பெற்றது. தூரவரி வருமானால், டீசலில் ஏற்கனவே பெறும் வரி அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். பெற்ற பணம் எந்தச் சாலைக்குப் போனது என்று ஊரறியக் காட்டப்பட வேண்டும். ஒரே தூரத்திற்கு இரண்டு கைகள் நீள்வது நீதியாகாது.

அரசுக்கு இத்தனை சொல்லிவிட்டு நமக்கொன்றும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தூரமானியைத் திருப்பிவைத்து விற்பவரும், அனுமதித்த எடைக்கு மேல் பாரம் ஏற்றுபவரும் நம்மில் இல்லையா? அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடுதான் என்று எச்சரிக்கும் திருமறையின் அத்தியாயம் தராசுக்கு மட்டும் உரியதென எண்ணிவிட வேண்டாம். பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்றென நபிகளார் (ஸல்) கற்பித்தார்கள். அங்ஙனமாயின், மிகைப்பாரம் ஏற்றிப் பாதையில் பள்ளம் பறிப்பது எதன் கிளை என்பதை அவரவர் நெஞ்சையே கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்த வெள்ளியன்று மாணவர் காத்திருந்தார். "தம்பி, சாலையின் பயனுக்கு விலை கேட்பது ளுல்ம் அன்று. எடையையும் இயலாமையையும் பார்க்காமல் தூரத்தை மட்டும் பார்த்துக் கேட்டால் அது ளுல்மாகிவிடும்" என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "ஹஜ்ரத், வரி வந்தாலும் அந்த அம்மாவிடம் கூலியை உயர்த்தப் போவதில்லை. கல்யாணச் சவாரியில் அதைச் சரிக்கட்டிக்கொள்வேன்" என்றார்.

வசதியுள்ளவனிடம் பெற்று, இயலாதவனை விட்டுவிடுவது. இமாம்களின் நூல்களில் நாம் ஒரு வாரமாகத் தேடியதை, வேன் ஓட்டும் அப்பிள்ளை ஒரே வரியில் சொல்லிவிட்டார். ஒரு தனிமனிதனின் நெஞ்சில் இருக்கும் இந்த நீதி, சட்டம் இயற்றுவோரின் ஏட்டிலும் ஏறுமாக! அதற்கு வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக!