இறந்தோர் காட்சிப் பொருளா?

அஞ்சுவதற்காக மனிதன் பணம் கொடுப்பான் என்று தோட்டத்து முதியோரிடம் சொல்லியிருந்தால் அவர்கள் நகைத்திருப்பர். அச்சம் நீங்குவதற்கே அவர்கள் பணம் செலவிட்டனர். தாயத்துக் கட்டினர், வேப்பிலை அடித்தனர், முனியாண்டிக்குச் சேவல் அறுத்தனர். இன்றோ அச்சமே ஒரு விலைப்பொருளாகிவிட்டது. இங்கிலாந்தின் பழம்பெரும் நகரமாகிய யார்க்கில், வழிகாட்டி ஒருவர் முன்னே செல்ல, மாலை இருளில் மக்கள் கூட்டமாக நடந்து, ஆவிகள் உலவுவதாகச் சொல்லப்படும் தெருக்களையும் வீடுகளையும் கண்டுவரும் பேய் நடை 1973ஆம் ஆண்டில் தொடங்கியது. பின்னர் அவ்வழக்கம் பல நாட்டு நகரங்களுக்கும் பரவிற்று. 2008ஆம் ஆண்டில் உலக மரபுடைமை நகரமாக ஏற்கப்பெற்ற ஜார்ஜ்டவுனும் அதற்கு விலக்கன்று. பினாங்குத் தீவின் தென்பகுதியில், பத்து மாவுங்கில் பிரிட்டிஷார் கட்டிய கோட்டை, 2002இல் போர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டபின், இரவுச் சுற்றுலாவுக்கும் பேய்க் கதைகளுக்கும் பெயர் பெற்றது.

கெடாவின் சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் வாழும் மாணவர்களுக்கு இவ்விடங்கள் தொலைவில் உள்ளவை அல்ல. பாலத்தைக் கடந்தால் பினாங்கு. ஆகவே, ‘பேய் பார்க்கப் போகலாமா?’ என்று ஒரு மாணவன் கேட்டால், ஆசிரியர் யாது விடை கூறுவது? கேள்வி சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். எனினும், இறந்தோருக்கு உயிரோடிருப்போர் செய்ய வேண்டிய கடமை ஏதேனும் உண்டா, இறப்பைக் காட்டிப் பொருளீட்டுதல் அறமாகுமா என்னும் பெரிய வினாக்கள் அதனுள் அடங்கியிருக்கின்றன.

பொதுவாக இருவகை விடைகள் சொல்லப்படும். பகுத்தறிவாளர், “பேய் என்று ஒன்றில்லை, இல்லாததைக் காட்டி இளைஞரை ஏய்த்தல் தீது” என்பர். பழமை போற்றுவோர், “இறந்தோர் உறங்கும் இடத்தில் கூத்தும் கும்மாளமும் கூடாது” என்பர். இரு சாராரும் முடிவில் ஒன்றுபட்டு, ‘போக வேண்டா’ என்றே சொல்லுகின்றனர். ஆனால் இருவருமே ஒரு வினாவைக் கேட்க மறந்துவிடுகின்றனர். அங்கே காட்டப்படும் பேய் யாருடையது? அவர் எவ்வாறு இறந்தார்?

தமிழ் இலக்கியம் இவ்வினாவை அறியாதது அன்று. மணிமேகலைக் காப்பியத்தில் சார்ங்கலன் என்னும் இளைஞன் சக்கரவாளக் கோட்டத்துப் புறங்காட்டின் வழியே தனியே செல்கிறான். அங்கே பேய்மகள் ஒருத்தி பிணத்தின் தலையை ஏந்தி ஆடுவதைக் கண்டு நடுங்கி ஓடித் தாயின்முன் வீழ்ந்து உயிர் விடுகிறான். தாய் கோதமை, சம்பாபதித் தெய்வத்திடம் முறையிடுகிறாள். தெய்வம் கூறும் மறுமொழி எண்ணத்தக்கது. பேய் அவன் உயிரை உண்ணவில்லை. அவனுடைய பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே உயிரைக் கொண்டது என்பது அதன் கருத்து. பேயைப் பாடிய சாத்தனார், பேயின்மேல் பழி போடவில்லை. அறியாமையையே சுட்டுகிறார். அன்றியும், அக்காதை கேட்போரை அச்சுறுத்துவதோடு நிற்கவில்லை. யாக்கை நிலையாமையை உணர்த்தி முடிகிறது.

பேய் என்ற சொல்லும் தமிழில் வெறும் அச்சத்தைக் குறிப்பதாக நின்றுவிடவில்லை. காரைக்கால் அம்மையார் தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்டார். வள்ளுவரோ, உலகத்தார் உண்டென்று கூறும் ஒன்றை இல்லையென்று மறுப்பவனை மண்ணுலகத்துப் பேயாகக் கருத வேண்டும் என்றார். இல்வாழ்வான் போற்ற வேண்டிய ஐவகையோரை எண்ணுமிடத்துத் தென்புலத்தாரை முதலில் வைத்தவரும் அவரே. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகிறது. நடுகல்லில் வீரனின் பெயரும் பீடும் எழுதப்பட்டன. அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களாக மக்கள் கருதிய மதுரைவீரனும் காத்தவராயனும் ஊர்த் தெய்வங்களாயினர். கப்பலேறி வந்து பால்மரக் காட்டின் ஓரத்திலும் குடியேறினர். இறந்தவனைக் கண்டு அஞ்சிய தமிழன், அவன் பெயரைச் சொல்லிப் படையலிட்டே அந்த அச்சத்தைத் தீர்த்துக்கொண்டான்.

இந்தப் பெயர் சொல்லும் கடமையை இக்காலப் பேய்க் கதைகள் எவ்வாறு நிறைவேற்றுகின்றன? கெடாவின் தென்கோடியாகிய பண்டார் பாருவுக்கு அண்மையில், நிபோங் தெபாலில் உள்ள கலிடோனியா தோட்டத்து மாளிகையை எடுத்துக்கொள்ளலாம். ‘தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை’ என்று வழங்கப்படும் அது ராம்ஸ்டன் குடும்பத்தாருக்கு உரியதாயிருந்தது. ஜான் ராம்ஸ்டன் என்னும் துரை 1948ஆம் ஆண்டில் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். காடு சூழ்ந்து பாழடைந்த அம்மாளிகை, பேய் காண விரும்புவோரின் இலக்காயிற்று. துரையின் பெயர் நிலைத்தது. அவர் இறந்த ஆண்டு நிலைத்தது. கதவுகளின் எண்ணிக்கைகூட நிலைத்தது.

அம்மாளிகையை எழுப்பிய செல்வம் எங்கிருந்து வந்தது? ரப்பருக்கு முன்னர் அவ்வட்டாரம் கரும்பு விளைந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழர்கள் அங்கே கரும்பு வெட்டினர், ஆலையில் உழைத்தனர், காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் மடிந்தனர். அவ்வொப்பந்த முறை 1910இல்தான் மலாயாவில் முடிவுக்கு வந்தது. அந்தத் தொழிலாளருள் ஒருவருடைய ஆவியைக் காணவும் எந்தச் சுற்றுலாக் கூட்டமும் விளக்கேந்திப் போனதாகத் தெரியவில்லை. உயிரோடிருந்தபோது பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையே இருந்த தொலைவு, இறந்தபின்னும் குறையவில்லை போலும்! பேயாக நினைக்கப்படுவதற்குக்கூட ஒருவனுக்கு மாளிகை வேண்டியிருக்கிறது.

ஆயினும் லயத்திலும் பேய்க் கதைகள் இருந்தன. கெடாத் தோட்டங்களில் வளர்ந்தோர் யாவரும் அவற்றைக் கேட்டிருப்பர். தூக்கிட்டுக்கொண்ட பெண் நிற்கும் புளியமரம், கிணற்றடியில் கேட்கும் பிள்ளை அழுகை, விடியற்காலைப் பிரட்டுக்குப் போகும் பாதையில் முன்னே நடந்து மறையும் உருவம் என அவை பலவாம். அவற்றைச் சொன்னோர் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. தோட்ட அலுவலகத்துக் குறிப்பில் ஒரு பெண்ணின் சாவு ஒரு வரியில் முடிந்திருக்கும். அவள் ஏன் மரத்தடிக்குச் சென்றாள், அவளை அவ்விடத்துக்குத் துரத்தியவர் யார் என்பதை லயத்தார் அறிவர். வெளிப்படையாகச் சொல்லின் வேலை போகும், வீடு போகும். எனவே அதனைப் பேய்க் கதையாக்கிச் சொன்னார்கள். “அவள் இன்னும் போகவில்லை” என்றால், அவளுக்குச் செய்த கொடுமை இன்னும் தீரவில்லை என்பது பொருள். பேசும் உரிமை இல்லாதவர்களுக்கு அக்கதைகளே சாட்சிக் கூண்டாயின.

பகுத்தறிவு கற்பிக்கும் ஆசிரியர் இதனை மறத்தலாகாது. பேய் இல்லையென்று நிறுவுதல் எளிது. அதனோடு நின்றுவிட்டால், அக்கதைக்குள் ஒளிந்திருந்த உண்மையும் சேர்ந்தே புதைந்துவிடும். உலகத்தார் உண்டென்பதை மறுப்பவனைப் பற்றிய குறளை இவ்விடத்தில் நினைந்து பார்த்தல் தகும். மறுக்க வேண்டியது பேயை; மறுக்கலாகாதது அப்பெண்ணின் துன்பத்தை.

இதன் முழு வடிவத்தைச் சயாம் மரண ரயிலில் காணலாம். 1942 முதல் 1943 வரை ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இருப்புப் பாதையை அமைத்தனர். அப்பணிக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர் ஆயிரம் ஆயிரமாக வடக்கே ஏற்றிச் செல்லப்பட்டனர். கெடாத் தோட்டங்களும் தம் மக்களைப் பறிகொடுத்தன. மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் உள்ளன. மாண்ட ஆசியத் தொழிலாளரோ 90,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஒருபால் எண்ணிக்கை, மறுபால் மதிப்பீடு. இவ்விரு சொற்களுக்கு இடையே உள்ள வேறுபாடுதான் இக்கட்டுரையின் பொருள். கைதிகள் ஒவ்வொருவராக எண்ணப்பட்டனர். வாந்திபேதியில் வீழ்ந்து குழிகளில் தள்ளப்பட்ட தமிழரை எண்ணுவார் இல்லை.

1957ஆம் ஆண்டில் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம் அவ்விருப்புப் பாதையை உலகறியச் செய்தது. சுற்றுலாப் பயணிகள் பாலத்தைக் காண வந்து குவிந்தனர். ஆயினும் அப்படம் சொன்னது பிரிட்டிஷ் போர்க் கைதிகளின் கதை. மலேசியத் தமிழ் எழுத்தாளர்களே அக்குறையைத் தம்மால் இயன்றவரை நீக்கினர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய புதினங்கள் அவ்வகையில் அமைந்த சான்றுகளாம். 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் ஒரு புத்த ஆலய வளாகத்தில் அத்தமிழர்களுக்கு நடுகல் நாட்டப்பட்டது. தொல்காப்பியம் சொன்ன கடமை எண்பது ஆண்டுகள் காலந்தாழ்த்தி நிறைவேறிற்று.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கின், பேய் நடை அறமா அன்றா என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறுதல் இயலாது என்பது விளங்கும். மாலையில் நடத்தல் குற்றமன்று. கட்டணம் பெறுதலும் தன்னளவில் குற்றமன்று. புராணம் படித்தவர்க்கும் உடுக்கை அடித்துக் கதை பாடியவர்க்கும் ஊரார் கூலி கொடுத்தே வந்தனர். எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதே தீர்க்க வேண்டியது. அதற்கு மூன்று உரைகற்கள் போதும்.

முதலாவது, சொல்லப்படும் சாவு உண்மையாக நிகழ்ந்ததா என்பது. நடவாத கொலையை நடந்ததாகக் காட்டுதல், நடந்த கொலைகளின்மீது ஐயத்தை உண்டாக்கும். இரண்டாவது, சாவின் காரணம் சொல்லப்படுகிறதா என்பது. ‘இங்கே ஓர் உருவம் தோன்றும்’ என்பதோடு நிற்கும் கதை, கேட்பவனின் மயிர்க்கூச்செறிவோடு முடிந்துவிடும். ‘இன்ன கொடுமையால் இவர் இங்கே இறந்தார்’ என்னும் கதை அவனோடு வீடுவரை செல்லும். மூன்றாவதே கடினமானது. இறந்தவரின் பேத்தி அக்கூட்டத்தில் நின்றால், வழிகாட்டி அதே சொற்களை அதே குரலில் சொல்வாரா? சொல்லத் தயங்குவாராயின் அக்கதை இறந்தோரை இழிவுபடுத்துகிறது. துரைக்கும் இவ்வுரைகல் பொருந்தும்; அவரும் ஒரு தாய்க்குப் பிறந்தவரே.

கெடாவில் இத்தகைய நடைக்கு இடமில்லையா? பேய் வேண்டாமலே நடப்பதற்கு இடங்கள் உள. பீடோங்குக்கு அண்மையில் ஹார்வார்ட் தோட்டம் இருக்கிறது. அங்கே வேர்கொண்ட தொண்டர் படை, 1947இல் தொழிலாளரின் கூலியையும் குடும்பத்தையும் அழித்த கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. அப்போராட்டத்தை அடக்கவந்த காவலரின் வன்முறையில் உயிர்கள் போயின. அந்த வழியே நாள்தோறும் பள்ளிப் பேருந்துகள் செல்லுகின்றன. உள்ளே இருக்கும் பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு அக்கதை தெரியும்?

காலமும் மிகுதியாக இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன. தோட்டத்து இடுகாடுகள் புதர் மண்டிக் கிடக்கின்றன. நிலம் கைமாறும்போது அவை இருந்த சுவடும் மறைகிறது. சயாமுக்குப் போய் மீண்டோர் அநேகமாக மறைந்துவிட்டனர். அவர்கள் வாய்மொழியைக் கேட்ட மக்களே இன்று முதியோர்.

ஆதலின் மாணவன், ‘பேய் பார்க்கப் போகலாமா?’ என்று கேட்கும்போது ஆசிரியர் அவனை அதட்டவும் வேண்டா, நகைக்கவும் வேண்டா. அவனுடைய ஆர்வத்தைப் பகலுக்குத் திருப்பினால் போதும். ஒரு சனிக்கிழமைக் காலையில் பத்து மாணவர்கள் அருகிலுள்ள தோட்டத்து இடுகாட்டுக்குச் செல்லலாம். கல்லில் எஞ்சியிருக்கும் பெயர்களையும் தோற்றம் மறைவு ஆண்டுகளையும் எழுதிவரலாம். பெயரில்லாத மேடுகளைப் பற்றி ஊர்ப் பெரியோரிடம் கேட்கலாம். பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு எஞ்சியிருந்தால், அதிலுள்ள தந்தையர் பெயர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தன் குடும்பப் பெயரையே அங்கே காண நேரும் மாணவனுக்கு, வரலாறு என்பது பாட நூலில் மட்டும் இல்லை என்பது அப்போது விளங்கும்.

அம்மாணவன் பின்னொரு நாள் பினாங்கின் பேய் நடைக்குச் செல்லட்டும், தடையில்லை. வழிகாட்டி மாளிகையைக் காட்டி, “இங்கே ஒரு துரை உலவுகிறார்” என்பார். மற்றவர் உடல் சிலிர்க்க நிற்பர். அவனோ, “இவருடைய தோட்டத்தில் வேலை செய்து இறந்தவர்களை எங்கே புதைத்தார்கள்?” என்று கேட்பான். அக்கேள்வியைக் கேட்கும் ஒரு மாணவனை ஆக்கிவிட்டால், ஆசிரியர் தம் கடமையைச் செய்தவராவார்.