மூச்சுத் திணறலும் ஒரு சிவப்பு ‘த்’தும்

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு பள்ளிப் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்பியது. 111 பள்ளிகள் மூடப்பட்டன. அப்போது ஒரு பிள்ளை, ‘எனக்கு மூச்சு திணறல் வந்தது’ என்று கட்டுரையில் எழுதியிருந்தால், நாம் நடுவில் ஒரு சிவப்பு ‘த்’ போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்போமா?

இரண்டாம் மொழி வகுப்பில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, கைவிடுங்கள் என்று 1996இல் ஜான் டிரஸ்காட் வாதிட்டார். அது அவசர முடிவு என்று 1999இல் டேனா ஃபெரிஸ் மறுத்தார். ஓரிரு பிழை வகைகளை மட்டும் குறிவைத்துத் திருத்தினால் துல்லியம் கூடுகிறது என்று பின்வந்த ஆய்வுகள் சில காட்டின. நம் பிள்ளைகளுக்குத் தமிழ் தாய்மொழிதான். ஆனால் பேசும் தமிழுக்கும் எழுதும் தமிழுக்கும் உள்ள தூரத்தில், அவர்களும் ஏறக்குறைய இன்னொரு மொழியைத்தான் கற்கிறார்கள்.

பக்கம் முழுக்கச் சிவப்பாக்கினால், ‘ஒனக்குத் தமிழ் வராது’ன்னுதான் பிள்ளை படிக்கும். ‘பாவம், விடுங்க டீச்சர்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். வீட்டில் திருத்த ஆளில்லாத பிள்ளையை அந்த இரக்கம் அங்கேயே நிறுத்திவிடும்.

ஓரத்தில் முதலில், ‘இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?’ என்று எழுதலாம். பிறகு அந்த ‘த்’தைக் காட்டலாம். அதன்பின் கட்டுரையைத் திருப்பித் தந்து மறுபடி எழுதச் சொல்லவேண்டும். அந்த வாய்ப்பு இல்லையென்றால் திருத்தம் வெறும் தீர்ப்புதான்.