நிலத்தில் புதைத்த தாலந்து



எசமான் கொடுத்த தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்த ஊழியனை நீங்கள் அறிவீர்கள். அவன் அதைத் திருடவில்லை, செலவழிக்கவுமில்லை. பயன்படுத்தாமல் விட்டான், அதுவே அவன் குற்றம்.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. எரிபொருள் வாங்க டொலர் இன்றி நாடே இருண்டது. ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டையும் கண்டோம். பிள்ளைகள் மெழுகுதிரி வெளிச்சத்தில் படித்தார்கள். அந்நாட்களிலும் வெயில் குறையவில்லை, கடற்காற்றும் நின்றுவிடவில்லை.

ஐஸ்லாந்து என்னும் குளிர்த் தேசத்தைப் பாருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளைக் கண்ட நமக்கு, பூமிக்குள் சூடு உண்டென்பது புதுமையல்ல. அங்கோ அது மிகப் பெரிது. ஆயினும் அம்மக்கள் நெடுங்காலம் பிறநாட்டு நிலக்கரியையும் எண்ணெயையும் வாங்கியே குளிர்காய்ந்தனர். பெண்கள் துணி துவைத்து வந்த வெந்நீரூற்றுப் பகுதியிலிருந்து 1930இல் தலைநகர் ரெய்க்யாவிக்கின் பாடசாலைக்கும் சில வீடுகளுக்கும் குழாய் வழியே வெந்நீர் கொண்டுசென்றார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் நாடெங்கும் அவ்வழியை விரிவாக்கினார்கள். இன்று பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமியின் சூடே வெப்பம் தருகிறது. மின்சாரத்திலோ ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கை ஆறுகளும், மூன்று பங்கை நிலத்தடி நீராவியும் கொடுக்கின்றன.

ஒன்றே எல்லாவற்றையும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே உடலின் பல உறுப்புகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்பதைப் புனித சின்னப்பர் போதித்தார். இயற்கையிலும் அதே ஒழுங்குதான். இரவில் வெயில் இல்லை. சோளகம் ஓய்ந்தால் காற்றாலை சுழலாது. ஒன்று ஓய்ந்த வேளையில் மற்றது உழைக்க வேண்டும். டீசலையே நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு வெயில், காற்று, மின்கலம் மூன்றையும் இணைத்து மின்சாரம் வழங்க 2024இல் ஒப்பந்தம் கைச்சாத்தானது. டீசல் இயந்திரத்தை அவசரத் துணையாக மட்டும் வைத்திருப்பதே அத்திட்டம்.

இந்த ஒழுங்கு மனிதருக்கும் பொருந்தும். தனியொரு குடும்பத்தால் இயலாததைப் பங்கு மக்கள் ஒன்றுகூடிச் செய்யலாம். நமது பாடசாலைக்குக் கூரை உண்டு; மண்டபத்துக்கும் கூரை உண்டு; அவற்றின் மேல் நாள்தோறும் வெயில் விழுகிறது. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பதற்கோ பணமே வேண்டியதில்லை.

எசமான் ஒருநாள் கணக்குக் கேட்பார். "ஆண்டவரே, வெயிலும் காற்றும் எங்களிடம் இருந்தன, நாங்கள் எண்ணெய்க் கப்பலுக்குக் காத்திருந்தோம்" என்றா அவருக்கு மறுமொழி சொல்லப்போகிறோம்?