யார் வந்து கூப்பிட வேண்டும் உங்களை?

ஊர் பார்க்க ஆசை இருக்கிறது. கையில் காசு இருக்கிறது. லீவும் மிச்சம் கிடக்கிறது. இருந்தும் நீங்கள் போகவில்லை. கேட்டால் கூட வர ஆளில்லை என்கிறீர்கள். பாஷை தெரியாது, ஏமாற்றிவிடுவார்கள் என்கிறீர்கள். தனியாக ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிறீர்கள். யார் அந்த நாலு பேர்? ஒருவர் பெயரையாவது சொல்ல முடியுமா உங்களால்?

காசில்லாதவரிடம் நான் பேசவில்லை. படுத்திருக்கும் பெற்றோரை விட்டு நகர முடியாதவரிடமும் பேசவில்லை. எல்லாம் இருந்தும் யாராவது கூட்டிப்போவார்கள் என்று காத்திருக்கிறவரிடம் பேசுகிறேன். மகள் கல்யாணத்தில் ஆயிரம் பேருக்குப் பந்தி போட்டு, ஒருவர் முகம் கோணாமல் அனுப்பிவைத்தீர்களே! அலுவலகத்தில் மற்றவர் சொதப்பியதையெல்லாம் இழுத்துப் பிடித்து முடித்துக் கொடுக்கிறீர்களே! அந்த நீங்களா ஒரு ஊரில் மூன்று நாள் இருந்துவிட்டு வரத் தெரியாது என்கிறீர்கள்? நம்ப மாட்டேன்.

ஊரை நானே சொல்கிறேன். ஹைதராபாத். சென்னையில் சாயங்காலம் ரயிலேறினால் மறுநாள் காலையில் இறங்கிவிடலாம். ரயில் முடியும் இடம் நாம்பள்ளியா, காச்சிகூடாவா, செகந்திராபாத்தா, ஊருக்கு வெளியே இருக்கும் சர்லப்பள்ளியா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். தங்குமிடத்தை மெட்ரோ பாதைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். முடிந்தது, பாதி பயம் அங்கேயே தீர்ந்தது. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெரியவில்லையே என்ற கவலை மெட்ரோவில் ஏறுகிறவருக்கு எதற்கு?

இனி கிழமை. வெள்ளிக்கிழமை போய் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. நிஜாம்களின் சௌமஹல்லா அரண்மனைக்கும் அன்று விடுமுறை. சார்மினார் பக்கம் மக்கா மசூதியில் ஜும்மா தொழுகைக் கூட்டம். இது தெரியாமல் போகிறவர் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, தனக்கு ராசியில்லை என்று நொந்துகொள்வார். ராசியும் இல்லை, ஒன்றும் இல்லை! தெரிந்தவர் அன்றைக்குக் காலையிலேயே கோல்கொண்டா கோட்டை ஏறுவார். கோட்டை நுழைவாயிலில் கைதட்டினால் அந்த ஓசை மலை உச்சியில் இருக்கும் பாலா ஹிசார் மண்டபம் வரை கேட்கும். எதிரி வந்தால் மேலே இருப்பவருக்கு எச்சரிக்கை போகக் கட்டிய ஏற்பாடு அது. பத்து நிமிடம் தேடிப் படித்தால் கிடைக்கிற தகவல்கள்தான் இவை. திட்டம் போடுவதற்குப் பிறவி மேதையாக இருக்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் உட்கார மனம் வேண்டும்.

அதைவிடப் பெரிய தைரியம் ஒன்று உண்டு. வேண்டாம் என்று சொல்வது. ராமோஜி ஃபிலிம் சிட்டி நகரத்தை விட்டு வெகுதூரம். போனால் ஒரு நாள் முழுக்க அங்கேயே போய்விடும். சினிமா உங்கள் உயிர் என்றால் தாராளமாகப் போங்கள், கோட்டையை விட்டுவிடுங்கள். ஆனால் எல்லாரும் போகிறார்கள் என்பதற்காகப் போகாதீர்கள். உங்கள் மூன்று நாள் உங்களுடையது. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துவந்த ஃபோட்டோக்களுக்கு நகல் எடுக்கப் போகவில்லை நீங்கள்.

சனிக்கிழமையைப் பழைய நகரத்துக்குக் கொடுங்கள். எம்ஜிபிஎஸ் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மூசி ஆற்றைத் தாண்டினால் சாலார் ஜங். மூன்றாம் சாலார் ஜங் நிஜாமின் திவானாக இருந்தவர். 1914இல் அந்தப் பதவியை விட்டு விலகி, 1949இல் கண்மூடும்வரை, பிடித்த பொருள்களை உலகெங்கிலுமிருந்து வாங்கிச் சேர்த்தார். பெரிய பதவியைவிடத் தன் ரசனை பெரிது என்று வாழ்ந்த மனிதர்! பளிங்கில் செதுக்கிய முக்காடு முகத்தை மறைத்தும் காட்டும் ரெபெக்கா சிலை முன்னால் நில்லுங்கள். அவசரப்படுத்த யாரும் இல்லை, அரை மணி நேரம்கூட நிற்கலாம். குழுவாகப் போகிறவருக்கு இந்தப் பாக்கியம் வாய்ப்பது அரிது. அங்கிருந்து பத்தர்கட்டிக் கடைகள் வழியே நடந்தால் 1591இல் முகமது குலி குதுப் ஷா கட்டிய சார்மினார் வந்துவிடும். பக்கத்திலேயே லாட் பஜார், அரக்கு வளையல்கள்.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன், உங்கள் கூச்சம் முழுக்க ஒளிந்திருப்பது இங்கேதான். தலை நிமிர்ந்து உள்ளே போங்கள். மூலையைத் தேடாதீர்கள், பிடித்த மேசையில் உட்காருங்கள். ஒருவர் சாப்பிடும் அளவுக்குப் பிரியாணி வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மசாலாவில் ஊறிய பச்சைக் கறிமேல் அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பி, மூடியை மாவு பூசி அடைத்து, தம்மில் வேகவைத்த கச்சி பிரியாணி அது. கறியின் சாறு முழுக்கச் சோற்றில் இறங்கியிருக்கும். மிர்ச்சி கா சாலன் என்ற மிளகாய்க் குழம்பை ஊற்றிப் பிசையுங்கள். கடைசியில் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தில் செய்த குபானி கா மீட்டா ஒரு கிண்ணம். சைவமா? இரானி ஓட்டலில் உஸ்மானியா பிஸ்கட்டை டீயில் தோய்த்துத் தொடங்குங்கள், பாசிப்பயறுப் பெசரட்டும் புளிச்சகீரைக் கோங்கூராவும் அந்த ஊரில் உங்களைப் பட்டினி போடாது. எதிரே காலி நாற்காலி இருக்கிறதே என்று கலங்காதீர்கள். அடுத்த மேசைக்காரர் தன் தட்டைத்தான் பார்க்கிறார், உங்களை அல்ல.

போய் ஏதாவது தப்பாகிவிட்டால் என்கிறீர்களா? ஆகும். ரயில் தாமதமாகும், மழை வரும். தப்பானதிலிருந்து மீள்வது எப்படி என்று அந்த ஊரே காட்டும். ஞாயிறு மாலை ஹுசேன் சாகர் ஏரிக்குப் போய், நடுவில் நிற்கும் புத்தரைப் பாருங்கள். ஒரே கல்லில் கணபதி ஸ்தபதி குழுவினர் செதுக்கியது. 1990இல் ஏரிக்குள் கொண்டுபோகும்போது மிதவை கவிழ்ந்து சிலை மூழ்கியது, மனித உயிர்களும் போயின. அந்தத் துயரத்தோடும் அந்த ஊர் முயற்சியைக் கைவிடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தண்ணீருக்கு அடியில் கிடந்த சிலையை மீட்டு 1992 டிசம்பரில் நிறுத்தினார்கள். அவ்வளவு பெரிய இழப்பிலிருந்து அவர்கள் மீண்டார்கள். ரயில் இரண்டு மணி நேரம் தாமதமானால் நீங்கள் உடைந்துபோய்விடுவீர்களா?

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கிறது. இன்றைக்கே நாள்காட்டியை எடுத்து ஒரு வியாழக்கிழமையை வட்டமிடுங்கள். போக ஒன்று, ஞாயிறு இரவு திரும்ப ஒன்று, இரண்டு டிக்கெட்டையும் உங்கள் கையாலேயே எடுங்கள். வீட்டில் போகலாமா என்று கேட்காதீர்கள். டிக்கெட்டைக் காட்டி, போகிறேன் என்று சொல்லுங்கள்.