நாட்டு நலன் என்னும் அளவுகோல்

உயர்பட்டமோ தனிச்சிறப்பான திறனோ உடைய வெளிநாட்டவர் வேலையின் அடிப்படையில் அமெரிக்காவில் கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, பெற வேண்டுமானால், அவருக்கு வேலை தர ஒரு நிறுவனம் முன்வர வேண்டும் என்பதும், அவ்வேலைக்குத் தகுந்த உள்நாட்டவர் கிடைக்கவில்லை என்பதற்குத் தொழிலாளர் துறை சான்று தர வேண்டும் என்பதும் பொதுவிதி. நாட்டு நலன் கருதி இவ்விரண்டையும் தளர்த்த 1990 ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் இடமளித்தது. இதுவே தேசிய நலன் விலக்கு. ஆனால் நாட்டு நலன் எது என்பதைச் சட்டம் வரையறுக்காமல் விட்டதால், எந்த நன்மை ஒரு நாட்டின் நன்மையாகிறது என்னும் பழைய அறவியல் கேள்வி அதிகாரிகளின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

1998 இல் அமைந்த முன்னோடித் தீர்ப்பு, அதே அடிப்படைத் தகுதியுள்ள உள்நாட்டவரைவிட விண்ணப்பதாரர் எவ்வளவு கூடுதலாகப் பயன்படுவார் என்று கேட்டது. அதை நீக்கிய 2016 ஆம் ஆண்டுத் தீர்ப்போ, மேற்கொள்ளவிருக்கும் பணிக்குத் தகுந்த மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுத்துச் செல்லும் நிலையில் அவர் இருக்கிறாரா, எல்லாவற்றையும் சீர்தூக்கினால் விதியைத் தளர்த்துவது நாட்டுக்கு நன்மையா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கிறது. விலையுள்ளதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், மாண்புள்ளதற்கு ஈடே இல்லை என்று மெய்யியலாளர் காண்ட் 1785 இல் வகுத்த வேறுபாட்டை நினைத்தால், மனிதரோடு மனிதரை எடைபோடுவதை விட்டுப் பணியை எடைபோடும் இம்மாற்றம் அறநோக்கில் ஒரு முன்னேற்றமே.

எனினும் அதே தீர்ப்பில் உள்ள ஒரு பகுதி ஆழ்ந்து நோக்கத்தக்கது. விண்ணப்பதாரர் விண்வெளிப் பொறியியல் ஆய்வாளர்; கற்பிக்கவும் விரும்பியவர். ஒலியைவிடப் பன்மடங்கு வேகத்தில் செல்லும் ஊர்திகளின் உந்துவிசை பற்றிய அவரது ஆய்வு தேசிய முக்கியத்துவம் உடையதென ஏற்கப்பட்டது. கற்பித்தலுக்கும் மதிப்பு உண்டென ஒப்புக்கொள்ளப்பட்டாலும், அதன் தாக்கம் அவரிடம் பயிலும் மாணவரைக் கடந்து கல்வித்துறை முழுவதற்கும் பரவும் என்பதற்குச் சான்றில்லை என்று தேசிய முக்கியத்துவம் மறுக்கப்பட்டது. ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று எண்ணிக் காட்டலாம். ஆசிரியர் விதைத்ததோ மாணவரின் பெயரிலேயே விளைகிறது. மெய்ப்பிக்க எளிதாயிருப்பதும் பெரிதாயிருப்பதும் ஒன்றல்ல. அடுத்த தலைமுறையின் உந்துவிசை ஆய்வாளரும் ஏதோ ஒரு வகுப்பறையிலிருந்துதான் வர வேண்டும்.

பரவுதலே நாட்டு நலனின் ஒரே அடையாளம் என்று அந்நாட்டுச் சட்டமும் கருதவில்லை. மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதிகளிலோ முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலோ 5 ஆண்டுகள் முழுநேரம் பணியாற்ற ஒப்பும் மருத்துவருக்கு, அரசு சார்ந்த சுகாதாரத் துறை அப்பணி பொதுநலனுக்குரியதெனச் சான்றளித்தால், 1999 முதல் இவ்விலக்கு கிடைக்கிறது. அங்கே நன்மை ஒவ்வொரு நோயாளியாகவே சேர்கிறது. மருத்துவத் துறையே அதனால் மாறுமா என்று எவரும் கேட்பதில்லை, ஏனெனில் ஓர் இடத்தின் தேவையே நாட்டின் தேவையாக மதிக்கப்படுகிறது. ஆசிரியர் பற்றாக்குறையுள்ள பாடங்களையும் பகுதிகளையும் அமெரிக்கக் கல்வித் துறை ஆண்டுதோறும் பட்டியலிட்டும், ஆசிரியருக்கு அத்தகைய தனிவிதி எதையும் சட்டம் வகுக்கவில்லை.