பாத்துக்கோங்கப்பா

மகள் கல்லூரி விடுதிக்குக் கிளம்பிய அன்று ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனாள். அதில் ஏழு வரிகள். எத்தனை பூச்சி, எந்தெந்தக் கிழமை கால்சியம் பவுடர், ஒரு நாளைக்கு எத்தனை முறை தண்ணீர் தெளிப்பது, விளக்கை எப்போது போட்டு எப்போது அணைப்பது என்று வரிசையாக இருந்தது. ஏழாவது வரி: செப்டம்பரில் டியூபை மாற்றவும். என் மனைவி காரைப் பின்னால் எடுக்கும்போதும் மகள் கண்ணாடியை இறக்கி, "பாத்துக்கோங்கப்பா" என்றாள். வீட்டுக்குள் கூண்டில் இருந்த பச்சோந்தியைத்தான் சொன்னாள்.

ஆறு வரிகளைப் பயபக்தியோடு செய்தேன். ஏழாவதைச் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். செப்டம்பரில் ஒருநாள் கூண்டுக்கு முன்னால் நின்று அந்த டியூபை நிமிர்ந்து பார்த்தேன். பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. நான் டியூப்லைட் காலத்துப் பிள்ளை. மினுக்கினால் ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்ப்போம், இரண்டு முனையும் கறுத்துப்போனால் மாற்றுவோம். நன்றாக எரிகிற டியூபைக் கழற்றி எறிவது கோவில்பட்டியில் யாரும் செய்யாத காரியம். இது கம்பெனிக்காரன் பிழைக்கிற வழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முப்பது டாலரை மிச்சம் பிடித்தேன்.

சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில் எங்கள் வீடு. இந்த வகைப் பச்சோந்தியின் பூர்வீகம் ஏமனும் சவுதியின் தென்மேற்கு மூலையும். தலையில் சுறாவின் முதுகுத் துடுப்பை எடுத்து ஒட்டியதுபோல ஒரு கொண்டை இருக்கும். இவன் அந்த மண்ணைப் பார்த்ததில்லை. இந்த நாட்டிலேயே ஏதோ ஒரு வளர்ப்புக் கூண்டில் பொரித்தவன். நம் ஊர்ப் பச்சோந்தியை வீட்டில் வைத்திருந்தால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே ஏமன்காரனைக் கடையில் ரசீது போட்டுத் தருகிறார்கள். மகள் வைத்த பெயர் ஏதோ வீடியோ கேமில் வருவது, என் வாயில் நுழையாது. மே மாதம் ஆறு மாத விசாவில் வந்த என் அம்மாதான் 'துரை' என்று பெயர் வைத்தாள். ஒரு காலைத் தூக்கி, வைக்கலாமா வேண்டாமா என்று நாலு தரம் முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு வைக்கிற அந்த நடையைப் பார்த்து, "வெள்ளைக்காரத் துரை கணக்கா வாரான் பாரு" என்றாள். அதற்கு முந்தின வாரம் வரை, வேலியில் போன ஓணானை மடியில் எடுத்துக் கட்டிக்கொண்டாளே உன் மகள் என்று திட்டிக்கொண்டிருந்தவள்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் அம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"ஏய்யா, துரைக்கு நாக்கு எட்டலை."

பச்சோந்தியின் நாக்கு அதன் உடம்பைவிட நீளம். கவணிலிருந்து கல் போவதுபோலப் போய், பூச்சியை ஒட்டிக்கொண்டு திரும்பும். நம் கண்ணுக்கு இரண்டு காட்சிதான் தெரியும்: பூச்சி இலையில் இருந்தது, இப்போது வாயில் இருக்கிறது. அம்மா பார்த்தது வேறு. இரண்டு கண்ணையும் ஒன்றாகக் குவித்துக் குறி வைக்கிறான். வாய் திறக்கிறது. நாக்கின் நுனி பிதுங்கி வெளியே வருகிறது, அங்கேயே நிற்கிறது, உள்ளே போய்விடுகிறது. மூன்று தரம் இப்படி. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, அந்தப் பூச்சியே தனக்கு வேண்டாம் என்பதுபோல இருக்கிறான்.

"பசியில்லாம இல்லைய்யா. முடியலை. கவுரவமாத் திரும்பிக்கிடுதான்."

நானும்தான் தினம் பார்த்தேன். காலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து ஒரு தரம், செல்போன் டார்ச்சை அடித்து, கூண்டு வலையில் மூக்கு படுகிற அளவுக்கு. எனக்குத் தெரியாமல் போன சங்கதி ஒன்று உண்டு. முகத்தில் இரண்டு கண்ணும் முன்னோக்கி இருக்கிற எதுவும் அதற்கு வேட்டைக்காரன். நான் போய் நின்றதும் அவன் கிளையின் மறுபக்கம் சுழன்று, உடம்பைத் தகடாக ஒடுக்கி, அசையாமல் இருப்பான். 'அமைதியாக இருக்கிறான், நன்றாக இருக்கிறான்' என்று நான் டிக் அடித்துவிட்டுப் போவேன். அம்மாவோ இடுப்புவலிக்குச் சோபாவில் ஒருக்களித்துக் கிடப்பாள், பாதிக் கண் மூடியிருக்கும். அவள் பார்க்கிறாள் என்று துரைக்குத் தெரியாது. அவள் முன்னால் அவன் சாப்பிட்டான், அவள் முன்னால் தோற்றான்.

நாய் பூனை டாக்டர்கள் இதைத் தொட மாட்டார்கள். ஊர்வன பார்க்கிற டாக்டர் நாற்பது நிமிடத் தூரத்தில் இருந்தார். எக்ஸ்ரேயில் சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் புகை மாதிரித் தெரிந்தன. முன்னங்கால் எலும்பு வில்லாக வளைந்திருந்தது. டாக்டர் அவன் கீழ்த்தாடையைச் சுண்டுவிரலால் லேசாக அழுத்திக் காட்டினார். பென்சில் அழிக்கிற ரப்பர் மாதிரி அமுங்கியது. பூச்சி என்ன, பவுடர் என்ன, தண்ணீர் எப்படி என்று கேட்டு, கடைசியில் டியூப் மாற்றி எத்தனை மாதம் என்றார்.

"நல்லாத்தான் எரியுது" என்றேன்.

இந்தப் பதிலை அவர் முதல் தடவையாகக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வீட்டுக்கு வந்து விளக்கின் மூடியைத் திருப்பினால், உள்பக்கம் ஒட்டின டேப்பில் மகள் கையெழுத்தில் தேதி இருந்தது. போன வருட செப்டம்பர். பதின்மூன்று மாதம்.

அந்த டியூபிலிருந்து நம் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் வருகிறது, தெரியாத புற ஊதாக் கதிரும் வருகிறது. அதில் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான பகுதிதான் காரியம். அது தோலில் பட்டால்தான் டி3 வைட்டமின் உண்டாகும். டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். டியூபின் உள்பூச்சு ஆறு மாதம், ஒரு வருடத்தில் தளர்ந்துபோய் அந்தக் கதிர் குறைந்துவிடும். வெளிச்சம் மட்டும் அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். வாங்கின சுவர்க்கோழிப் பூச்சிகளை நான் கால்சியம் பவுடரில் புரட்டிப் புரட்டிக் கொடுத்ததெல்லாம் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்திருக்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம் நிற்கும், தசை இழுக்கும். அதனால் உடம்பு எலும்பைக் கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. சம்பளம் நின்றுபோன வீட்டில் பீரோவிலிருந்து ஒவ்வொரு நகையாகக் கிளம்புமே, அப்படி. வெளியே தெரியாது. திண்ணையில் விளக்கு எரியும், வந்தவர்களுக்குக் காபி கிடைக்கும்.

நோயைக் காட்டிக்கொள்ளாதது பச்சோந்தியின் பிழைப்பு. காட்டில் தளர்ந்தது எது என்றுதான் பறவையும் பாம்பும் தேடும். ஆனால் நிறம் வேறு கதை. கட்சி மாறுகிறவனைப் பச்சோந்தி என்று நாம் திட்டுவதில் ஒரு அநியாயம் இருக்கிறது. சுற்றுப்புறத்துக்குத் தக்கபடி வேஷம் போடுவதற்காக அது நிறம் மாறுவது குறைவு. சூட்டுக்கு மாறும், கோபத்துக்கு மாறும், பெண்ணைக் கண்டால் மாறும். 2015இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தார் மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் தோலை ஆராய்ந்து, செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய குவானின் படிகங்கள் நெருங்குவதிலும் விலகுவதிலும்தான் நிறம் இருக்கிறது என்று காட்டினார்கள். அமைதியாக இருந்தால் நெருக்கம், பச்சை. கிளர்ந்தால் விலகல், மஞ்சளும் சிவப்பும். மனசில் இருப்பதைத் தோலில் எழுதிவைக்கிற பிராணி அது. நம் கட்சிக்காரர்கள் ஒருவரும் அத்தனை வெளிப்படை இல்லை.

வைத்தியம் இதுதான்: புது டியூப், ஊசி இல்லாத சிரிஞ்சில் தினமும் காலையில் கால்சியம் திரவம், மேல்கிளைகளை எடுத்துவிட்டுத் தரையில் துண்டு விரித்துவைப்பது, விழுந்தால் எலும்பு நொறுங்காதிருக்க. கூண்டின் மூன்று பக்கமும் துணி போட்டு மூட வேண்டும். மருந்து நேரம் தவிரக் கிட்டே போகக் கூடாது. வாயைப் பிளந்து ஊற்றவும் கூடாது, தாடை கையோடு வந்துவிடும். பிறகு எப்படி? டாக்டர் சொன்ன வழி விசித்திரமாக இருந்தது. கையை நீட்டுங்கள், கோபம் வரும், வாயைத் திறந்து சீறுவான், அந்த நேரத்தில் வாயோரத்தில் சொட்டுவிடுங்கள்.

முதல் வாரம் அவனுக்குக் கோபப்படவும் தெம்பில்லை. கையை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டான். பகலில் கண் மூடுகிற பச்சோந்தி நல்ல சேதி இல்லை. மேல் உதட்டில் ஒரு சொட்டை வைத்து, அது தானாக உள்ளே இறங்கட்டும் என்று கை நடுங்க நிற்பேன். இலையில் உருண்டு வரும் பனித்துளியைக் குடித்துப் பழகின இனம். கிண்ணத்தில் வைத்த தண்ணீர் அதற்குத் தண்ணீராகவே படாது. பாதி துண்டில் சிந்தும். ஒரு மில்லி மருந்துக்கு இருபது நிமிடம். ஆபீசில் கூட வேலை செய்கிறவர், "இத்தனைக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே" என்றார். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து 400 டாலரை ஒட்டி ஆகியிருந்தது. கணக்கு அவர் பக்கம்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஊரில் நாங்கள் ஓணான் பிடிப்போம். தென்னை ஈர்க்கின் நுனியில் சுருக்கு வைத்து, வேலிக்கருவையில் தலையாட்டிக்கொண்டிருப்பதன் கழுத்தில் மாட்டுவோம். ராமருக்குத் தாகம் எடுத்தபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது என்று ஒரு கதை இருந்தது, அதுதான் எங்கள் சட்டப் புத்தகம். வாயில் மூக்குப்பொடி வைத்தால் கிறுகிறுத்து ஆடும். அதைச் சுற்றி நின்று சிரிப்போம். "அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கே" என்று அம்மா சொன்னாள். அந்த மாதிரிக் கணக்குத் தீர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. செத்த ஓணானுக்கு இந்தத் துரை பிழைப்பதில் என்ன லாபம்?

எனக்குக் கஷ்டமாக இருந்தது மருந்து கொடுப்பது அல்ல, கொடுத்துவிட்டு விலகி வருவது. துணிக்குப் பின்னால் ஒருவன் தள்ளாடிக்கொண்டு இருக்கிறான், நான் கூடத்தில் டிவி பார்க்க வேண்டும். நம் வீடுகளில் நோயாளி என்றால் பக்கத்தில் உட்கார வேண்டும், நெற்றியைத் தொட வேண்டும், 'இப்ப எப்படி இருக்கு' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்பா கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாகச் சனம் வந்துகொண்டே இருந்தது. அவர் தூங்குவார். சித்தப்பா வந்தாலும் தூக்கம், சம்பந்தி வந்தாலும் தூக்கம். நம் மேல் எத்தனை பாசமாக வந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசக் கூடாதா என்று எனக்கு எரிச்சலாக வரும். எல்லோரும் போன பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்து, "போய்ட்டாங்களா?" என்பார்.

அந்த ஒற்றைக் கண்ணைத் துரையிடம் மறுபடி பார்த்தேன். அப்பாவின் கட்டிலருகே நான் உட்கார்ந்த மணிநேரங்களில் எத்தனை அவருக்காக, எத்தனை எனக்காக என்று இப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை. தொட்டுக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்தது. அது மட்டும் உறுதியாகத் தெரியும். துரை அந்த நிம்மதியை எனக்குத் தரவில்லை. நான் தொட்டால் அவன் தெம்பு செலவாகும், அவ்வளவுதான்.

இன்னொரு நோயாளியும் வீட்டில் இருந்தாள். அம்மாவுக்கு எலும்புத் தேய்மானம். ஊர் டாக்டர் எழுதிக்கொடுத்த வைட்டமின் டி பாக்கெட்டை வாரம் ஒன்று பாலில் கலக்கிக் குடிக்க வேண்டும். துரையின் எக்ஸ்ரேயைப் பார்த்ததும், "இது என் படம்லா" என்றாள். அவனை ஜன்னலோர வெயிலில் வைக்கச் சொன்னாள். கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது என்று விளக்கினேன். அதுவும் போக, இந்த உயரத்து அட்சரேகையில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெளியே நின்றாலும் தோலில் வைட்டமின் ஊறாத அளவுக்கு வெயில் சாய்ந்துவிடும். ஏமன் வெயிலுக்குப் பிறந்தவனும் கரிசல் வெயிலுக்குப் பிறந்தவளும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து மாதமாக உட்கார்ந்திருந்தார்கள். "அப்ப நான் காய்ஞ்சது?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன், அவள் சிரிக்கவில்லை.

ஒன்பதாவது நாள் காலை கையை நீட்டினேன். துரை உடம்பை உப்பினான். பட்டைகள் கறுத்தன. வாயை அகலத் திறந்து, சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தத்தோடு சீறினான். உள்ளே வெளிறின இளஞ்சிவப்பு. சொட்டுவிட்டேன். அம்மா சோபாவிலிருந்து எழுந்திருக்காமலே கைதட்டினாள்.

எலும்பு கெட்டிப்படும், வளைந்தது நிமிராது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். முன்னங்கால் வில்லாகத்தான் இருக்கிறது. நாக்கு பாதித் தூரம் போகிறது. பூச்சியைக் கிட்டத்தில் பிடித்துக் காட்டினால் எடுத்துக்கொள்கிறான். எடுத்த கையோடு என்னைப் பார்த்து ஒரு சீறல். மகளிடம் டியூப் விஷயத்தைச் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "டேப்பில் புதுத் தேதி எழுதினீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா நவம்பர் முதல் வாரம் ஊருக்குப் போய்விட்டாள். இங்கே காலை ஏழரை, அங்கே ராத்திரி ஏழு, சீரியலுக்கு முன்னால் கூப்பிடுவாள்.

"சீறினானா?"

"சீறினான்."

"அப்பச் சரி."

நேற்று நான் விடவில்லை. இந்த வாரப் பாக்கெட்டைக் குடித்தாயா என்று கேட்டேன். அதெல்லாம் ஆச்சு என்றாள், கொஞ்சம் வேகமாக.

"எந்தக் கிழமைம்மா?"

"போலே அங்கிட்டு, பெரிய டாக்டரு!" என்று போனுக்குள் சீறினாள்.

அப்பச் சரி.